வீட்டுப் பட்டறை: பள்ளத்தைப் பார்த்துப் பாலம் கட்டுவோம்

மாதிரி இருப்புப்பாதை அமைப்பதைப் பற்றிச் சென்ற இரண்டு திங்களாக இப்பகுதியில் எழுதி வருகிறோம். பலகை அடிப்பதும், தண்டவாளம் பதிப்பதும், மின்னிணைப்புக் கொடுப்பதும் முடிந்தன. வண்டி வட்டமாக ஓடத் தொடங்கிவிட்டது. ஓடத் தொடங்கிய மறுநாளே எந்த வீட்டிலும் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாலம் எப்போது?"

இக்கேள்வியில் வியப்பில்லை. தலைநகரிலே வாழும் நம் குழந்தைகளுக்குத் தாயகம் என்பது இரண்டு இரவுப் பயணத்தின் மறுகோடியில் இருக்கிறது. அப்பயணத்தில் அவர்கள் விழித்திருந்து பார்ப்பவை பெரும்பாலும் பாலங்களே. சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை, பெண்ணை என்று ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சக்கரத்தின் ஓசை திடீரென்று மாறும். உறங்குகிறவர்கூட ஒரு கண்ணைத் திறந்து, "எந்த ஆறு?" என்று கேட்பார். ஆறுகளை எண்ணியே ஊரை நெருங்குகிறவர்கள் நாம். ஆகவே, பாலமில்லாத பாதை நம் குழந்தைகளுக்குப் பாதையாகவே தோன்றாது.

ஆயினும், பாலம் வேண்டும் என்பதற்கும் எந்தப் பாலம் வேண்டும் என்பதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அத்தூரத்தை எங்கள் இல்லத்தில் நாங்கள் தவறு செய்தே கடந்தோம். அத்தவறுகளை மறைக்காமல் எழுதினால் பிறர்க்குப் பயன்படும் என்று கருதி, இத்திங்கள் அதனையே விவரிக்க முற்படுகிறோம்.

பாம்பன் வேண்டும் என்றான் மகன்

எங்கள் மகனுக்கு வயது பதின்மூன்று. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டது முதல் அவனுக்கு வேறு நினைவில்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுக்கண் அப்படியே மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடும் காட்சி யாரைத்தான் மயக்காது? "நம் பலகையிலும் அதுதான் வேண்டும்" என்று பிடிவாதம் செய்தான்.

நாங்கள் மறுக்கவில்லை. "கணக்குப் போட்டுப் பார்" என்று மட்டும் சொன்னோம். எங்களுடையது எச்.ஓ. எனப்படும் அளவு. உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு. பாம்பன் பாலத்தின் மொத்த நீளம் 2.08 கிலோமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24 மீட்டர் வருகிறது. எங்கள் அடுக்ககத்தின் வாசற்படி முதல் சமையலறைப் பலகணி வரை அளந்தால் 9 மீட்டர் தேறும். எஞ்சிய 15 மீட்டரும் பலகணி வழியாக வெளியேறி எதிர்வீட்டாரின் துணி உலர்த்தும் கொடியைத் தாண்ட வேண்டும்.

பத்து வயது மகள் தன் பங்குக்குச் செனாப் பாலத்தைக் கேட்டாள். 2025 ஜூன் 6ஆம் நாள் திறக்கப்பட்ட அதன் வளைவின் அகலம் 467 மீட்டர். ஆற்றுப் படுகையிலிருந்து உயரம் 359 மீட்டர். நம் அளவில் அகலம் ஐந்தே கால் மீட்டருக்கும் மேல். உயரம் நான்கு மீட்டருக்கும் மேல். கூரையைப் பிரித்து மேல்வீட்டுக்காரர் கூடத்தில் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். இருவரும் சிரித்துவிட்டுக் கோரிக்கையைக் கைவிட்டனர்.

ஆனால் அக்கணக்கினால் ஒரு நன்மை விளைந்தது. புகழ்பெற்ற பாலங்கள் எல்லாம் தத்தம் இடத்தின் தேவையால் அவ்வாறு அமைந்தவை என்பது குழந்தைகளுக்குப் புலனாயிற்று. கப்பல் போகாத ஆற்றுக்குத் தூக்குப்பாலம் எதற்கு? பள்ளத்தாக்கு இல்லாத இடத்தில் வளைவு எதற்கு?

நாங்கள் செய்த முதற்பிழை

இவ்வளவு தெளிந்த பின்னும் நாங்களே பிழை செய்தோம் என்பதுதான் வேடிக்கை. கடையொன்றில் வெளிநாட்டுப் பாலத் தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டது. இருபுறமும் முக்கோண முக்கோணமாகச் சட்டங்கள் உயர்ந்து, தலைக்கு மேலும் கட்டுகள் அமைந்து, வண்டி கூண்டுக்குள் புகுந்து செல்வது போன்ற சட்டகப் பாலம். நீளம் 52 சென்டிமீட்டர். அழகைக் கண்டு வாங்கிவிட்டோம். ஆற்றைப் பற்றி எண்ணவேயில்லை.

பலகை தட்டையானது. அதன்மேல் நீல வண்ணம் பூசி ஆறு என்றோம். ஆற்றின்மேல் பாலம் நிற்க வேண்டுமானால் பாதையை உயர்த்த வேண்டுமல்லவா? 6 சென்டிமீட்டர் உயரத்தை ஒன்றரை மீட்டர் நீளத்திலே ஏற்றினோம். அதாவது நூற்றுக்கு நான்கு. சமவெளி இருப்புப்பாதையில் நூற்றுக்கு ஒன்று என்பதே கடுமையான ஏற்றம். நீலகிரி மலைப்பாதையில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம் உண்டு. அங்கே எஞ்சின் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. எங்கள் எஞ்சினுக்குப் பல்சக்கரம் ஏது? நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாதி வழி ஏறி, சக்கரம் வழுக்கி, அங்கேயே நின்று முனகியது. இரண்டு பெட்டிகளைக் கழற்றிவிட்டு ஓட்டினால், வளைவிலிருந்து நேராகப் பாலத்தினுள் புகும்போது பெட்டியின் மூலை சட்டத்தில் உரசிற்று.

இந்தக் காட்சியை ஒருவர் நாற்காலியில் அமர்ந்து மூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் மாமனார்.

அவரைப் பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். வயது எண்பத்து நான்கு. 1962 முதல் 1999 வரை முப்பத்தேழு ஆண்டுகள் இருப்புப்பாதையில் முதலில் கேங்மேனாகவும் பின்னர் கீமேனாகவும் உழைத்தவர். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே, கொள்ளிடம் பாலத்தின் மீது தினமும் நடந்து, ஒவ்வொரு கொக்கியையும் ஆணியையும் பார்த்து வந்தவர். மாமியார் காலமானபின் இரண்டு ஆண்டுகளாக டில்லியில் எங்களுடன் இருக்கிறார். மூன்றாம் மாடி வீடு, இந்தி தெரியாது, குளிர் ஒத்துக்கொள்வதில்லை. பேரக்குழந்தைகள் அவரிடம் அன்பானவர்களே. ஆயினும் அவர்கள் பேசும் தமிழ் "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்பதோடு நின்றுவிடும். அதற்குமேல் போனால் பாதி இந்தி கலந்துவிடும்; அவருக்கு விளங்காது. எனவே அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் அவர் வாய் திறந்தார்.

"மாப்பிள்ளை, பாலத்துக்காக ரயிலு மலையேறுதே! எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?"

"ஆறு பலகை மட்டத்தில் இருக்கிறதே மாமா, என்ன செய்வது?"

"ஆறு பள்ளத்துலதான் ஓடும். பாதை போற மட்டத்துலேயே பாலம் போவட்டும். பலகையை அறுங்க."

இந்த ஒரு சொல்லில் எங்கள் தொல்லை முழுவதும் தீர்ந்தது. பாதையை உயர்த்துவதைக் காட்டிலும் நிலத்தைத் தாழ்த்துவதே முறை. கணக்குப் போட்டாலும் அதுவே சரி. மாதிரிப் பாதையில் நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றம் வரை எஞ்சின் தாங்கும். ஒரு வண்டியின் மேலே மற்றொரு வண்டி செல்ல வேண்டுமானால் ஏழரை சென்டிமீட்டர் உயரம் தேவை. ஏறுவதற்கு மூன்றே முக்கால் மீட்டர், இறங்குவதற்கு அவ்வளவே. ஆக ஏழரை மீட்டர். எட்டடிக்கு நான்கடிப் பலகையில் 18 அங்குல ஆரத்தில் சுற்றிவரும் பாதையின் மொத்த நீளமோ 5.7 மீட்டர்தான். அச்சிறு வட்டத்தில் மேம்பாலம் கட்ட முயல்வது வீண். ஆனால் பலகையை அறுத்து ஆற்றைக் கீழே இறக்கினால், பாதை ஒரு மயிரிழையும் உயரவேண்டியதில்லை.

எந்தப் பாலம்?

இனி, பள்ளம் அமைந்தபின் பாலத்தைத் தேர்ந்தெடுக்கும் வகையைக் கூறுவோம். மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்.

முதற்கேள்வி: பள்ளம் எவ்வளவு அகலம், அதில் தூண் நிறுத்த இடமுண்டா? நம் நாட்டு இருப்புப்பாதைகளில் இரும்புக் கர்டர்களுக்குச் சில நிலையான நீளங்கள் வழக்கில் உள்ளன. தகட்டுக் கர்டர் என்பது பெரிய இரும்புத் தகட்டை நிறுத்திவைத்தாற் போன்றது. அதன் நீளம் 12.2, 18.3, 24.4 மீட்டர் என்று அமையும். நம் அளவில் இவை முறையே 14, 21, 28 சென்டிமீட்டர். இதற்கும் மேற்பட்ட அகலத்தைத் தாண்டவே முக்கோணச் சட்டகங்கள் தேவைப்படுகின்றன. அவை 30.5, 45.7, 61, 76.2 மீட்டர் என்றிருக்கும். நம் அளவில் 35, 52.5, 70, 87.5 சென்டிமீட்டர். ஆகவே 20 சென்டிமீட்டர் ஓடைக்குச் சட்டகப் பாலம் வைப்பது வாய்க்காலைத் தாண்டக் கப்பல் ஏறுவது போன்றதாகும்.

இரண்டாம் கேள்வி: வண்டி கர்டரின் மேலே செல்வதா, நடுவே செல்வதா? தண்ணீருக்கும் பாதைக்கும் இடையே போதிய உயரம் இருந்தால் கர்டர்களைக் கீழே வைத்து, மேலே வண்டியை ஓட்டலாம். அதுவே எளிது, மலிவு. வண்டியும் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். வெள்ளம் பாதையை நெருங்கி வரும் இடத்திலும், கீழே சாலை செல்லும் இடத்திலும் கர்டர்களை இருபுறமும் உயர்த்தி, நடுவில் வண்டியை விடுவார்கள்.

மூன்றாம் கேள்வி: பாலம் நேராக இருக்கிறதா, வளைவில் இருக்கிறதா? தொடக்கத்தில் நேர்ப்பாதையிலேயே கட்டுங்கள். பாலத்தின் இருமுனையிலும் ஒரு பெட்டி நீளத்துக்கு, அதாவது 25 சென்டிமீட்டருக்காவது, நேர்ப்பாதை இருக்கட்டும். வளைவில் செல்லும் நீண்ட பெட்டியின் வயிறு உட்பக்கமும் மூலைகள் வெளிப்பக்கமும் பிதுங்கும். நாங்கள் உரசலுக்கு ஆளானது இதனால்தான். உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்த பிறகே பக்கச் சுவரை ஒட்டுங்கள்.

கல் வளைவுப் பாலமும் மிக அழகியது. கொல்லம், செங்கோட்டை வழியில் கழுதுருட்டிக்கு அருகேயுள்ள பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சிம்லா செல்லும் குறும்பாதையில் கனோவில் நான்கு அடுக்காக எழுந்து நிற்கும் கல்வளைவுகளை நம் டில்லி அன்பர்கள் பலர் கோடை விடுமுறையில் கண்டிருப்பர். ஆனால் அவை மலைக்குரியவை. மலையடிவாரம் அமைத்தால் வளைவைக் கட்டலாம். சமவெளி ஆறு அமைத்தால் கர்டரே பொருந்தும்.

எதைக் கட்டினாலும், கட்டுமுன் உண்மைப் பாலம் ஒன்றைக் குழந்தைகளோடு சென்று காணவேண்டும் என்பது எமது வேண்டுகோள். டில்லியில் இருப்பவர்க்கு யமுனையின் பழைய இரும்புப் பாலம் அருகிலேயே இருக்கிறது. 1860களில் கட்டப்பட்ட அப்பாலத்தில் வண்டிகளுக்கு மேல்தளம், சாலைக்குக் கீழ்தளம். பெரிய கண்கள் 12. ஒவ்வொன்றும் 200 அடிக்குச் சற்று மேல். சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் காட்சிச்சாலையில் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் அருகில் நின்று பார்க்கலாம். கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பயனுள்ளதாகக் கழியும்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. கொள்ளிடம் போன்ற அகன்ற மணலாறு. 21 சென்டிமீட்டர் தகட்டுக் கர்டர் மூன்று. மொத்தம் 63 சென்டிமீட்டர். வண்டி மேலே செல்லும். கொள்ளிடத்தின் எல்லாக் கண்களையும் அமைக்க இயலாது. மூன்று கண்கள் அமைத்தால் மற்றவற்றைப் பார்ப்பவர் மனமே கட்டிக்கொள்ளும். வாங்கிய சட்டகப் பாலத்தை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டோம். அதற்கேற்ற ஆறு என்றேனும் கிடைக்கும்.

கட்டும் முறை

பாதை செல்லும் இடத்தில் 63 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பலகையை ரம்பத்தால் அறுத்தெடுத்து, எட்டு சென்டிமீட்டர் கீழே வேறொரு பலகைத் துண்டை ஆற்றுப் படுகையாகப் பொருத்தினோம். அறுத்த பலகை வலுவிழந்து தொய்யும்; ஆகவே அடியில் இரண்டு மரச்சட்டங்களை நீளவாட்டில் முடுக்கிவிடுதல் அவசியம். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

கர்டரின் எலும்பு மரம், தோல் அட்டை. 21 சென்டிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் உயரம், 5 மில்லிமீட்டர் கனமுள்ள மரப்பட்டிகள் ஒரு கண்ணுக்கு இரண்டு வேண்டும். இருபுறமும் மெல்லிய கெட்டி அட்டையை ஒட்டி, மேலும் கீழும் எட்டு மில்லிமீட்டர் அகல அட்டைப் பட்டையைப் படுக்கவைத்து ஒட்டினால் கர்டரின் உருவம் வந்துவிடும். மொத்த உயரம் இரண்டு சென்டிமீட்டர். தகட்டுக் கர்டரின் உயரம் அதன் நீளத்தில் பத்தில் அல்லது பன்னிரண்டில் ஒரு பங்காக இருப்பதே பார்வைக்கும் உண்மைக்கும் ஒத்தது. பக்கத்திலே இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குச்சி போன்ற அட்டைத் துண்டுகளை நிறுத்தி ஒட்டுங்கள். உண்மைக் கர்டரில் தகடு மடங்காமல் காப்பவை அவையே.

ரிவெட் ஆணிகளின் தலைகள் வேண்டுமா? அட்டையை ஒட்டுமுன், பின்புறத்தில் மை தீர்ந்த பேனா முனையால் வரிசையாக அழுத்துங்கள். முன்புறம் முத்துமுத்தாகப் புடைத்து நிற்கும். எங்கள் மகள் ஒரு மாலையில் அறுநூறு புள்ளிகள் குத்தினாள். பொறுமை இல்லாத குழந்தை என்று அவளைப் பற்றிச் சொல்லி வந்ததை அன்றே விட்டோம்.

இரண்டு கர்டர்களையும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, நடுவே குறுக்குக் குச்சிகளால் பிணையுங்கள். தண்டவாளங்கள் கர்டர்களுக்கு நேர் மேலே வரவேண்டும்.

தூணுக்கு மின்கம்பி செலுத்தும் பிளாஸ்டிக் குழாயே போதுமானது. நம் ஆறுகளில் மணலுக்குள் கிணறு போல் வட்டமாக இறக்கி, அதன்மேல் தூண் எழுப்புவது நெடுநாளைய வழக்கம். 25 மில்லிமீட்டர் குழாயில் இரண்டு துண்டுகளை அருகருகே நிறுத்தி, தலையில் கனத்த அட்டையை மூடியாக ஒட்டினால் அச்சாயல் கிடைக்கிறது. உப்புத்தாள் கொண்டு குழாயின் பளபளப்பைத் தேய்த்துவிட்டால் வண்ணம் பிடிக்கும். இரண்டு தூண்களும் இரு கரைச்சுவர்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் வேற்றுமையும் வண்டியைத் துள்ளச் செய்யும்.

தண்டவாளத்தின் மூட்டு பாலத்தின் மேலோ, கரைச்சுவருக்கு நேர் மேலோ வரலாகாது. கரையிலிருந்து சிறிது தள்ளியே வரட்டும். தண்டவாளத்தைப் பாலத்தோடு ஒட்டிவிடுங்கள். ஆனால் கர்டரைத் தூணோடு ஒட்டவேண்டாம், வெறுமனே உட்காரட்டும். டில்லியின் கோடைக்கும் குளிருக்கும் இடையே பலகை விரிந்து சுருங்குவதைத் தடுக்க நம்மால் ஆகாது. பெரிய பாலங்களிலும் கர்டரின் ஒரு முனையைப் பிணைத்து, மறுமுனை நகர வழிவிடுகிறார்கள்.

தனித்தனிக் கண்களாகக் கட்டுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களைக் கடல் கொண்டுபோயிற்று. திரு. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் மீண்டும் எழுந்தது. கடலில் விழுந்த கர்டர்களை மீட்டெடுத்து மீண்டும் அதே தூண்களில் ஏற்ற முடிந்ததால் அது கைகூடியது. உங்கள் பாலத்திலும் ஒரு கண் பழுதானால் அதை மட்டும் எடுத்துச் செப்பனிடலாம்.

சோதனை எளிது. எஞ்சின் அரைக் கிலோவுக்குள் இருக்கும். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை நடுக்கண்ணின்மேல் இரவு முழுவதும் வைத்து, காலையில் இரும்பு அடிக்கோலை நீளவாட்டில் வைத்துப் பாருங்கள். ஒளி புகுந்தால் கர்டர் தொய்ந்துவிட்டது என்று பொருள்.

வண்ணத்தில் நாங்கள் மீண்டும் தவறினோம். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து மகன் கறுப்புப் பூசினான். "நம்ம கர்டருக்கு முதல்ல செங்காவி, மேல வெள்ளிப் பூச்சு" என்றார் மாமனார். மறுபடி பூசினோம். ஆற்றை முழுவதும் நீலமாக்காமல், அரித்த மணலைப் பசையில் தூவி, இரண்டு ஓட்டங்களுக்கு மட்டும் வண்ணமும் வார்னீஷும் நான்கு பூச்சுகள் கொடுத்தோம். நாணலுக்குத் துடைப்பத்தின் நுனி உதவிற்று.

"நான் எங்கே நிக்கிறது?"

பாலம் முடிந்தது. வண்டி தடையின்றிக் கடந்தது. குழந்தைகள் கைதட்டினர். நாங்கள் மாமனாரை அழைத்து அருகே நிறுத்தினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நான் எங்கே நிக்கிறது?"

நிற்க இடம் கேட்கிறார் என்று எண்ணி மகள் ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டுவந்தாள். அவர் தலையசைத்துவிட்டுப் பாலத்தின் நடுவே விரலை வைத்தார்.

"இங்க நடந்துகிட்டிருக்கேன். அந்தப் பக்கம் ரயிலு வருது. நான் எங்கே நிக்கிறது?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. உண்மையில், இந்த ஒரு மாதமாக ஆற்றைப் பற்றி எண்ணினோம். வண்டியைப் பற்றி எண்ணினோம். பாலத்தின்மேல் தினமும் நடக்கும் மனிதரைப் பற்றி எண்ணவேயில்லை. அம்மனிதர் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்திருந்தார்.

அன்று மாலை அவர் நெடுநேரம் பேசினார். நீண்ட பாலங்களில் இடையிடையே பக்கவாட்டில் சிறிய மேடை ஒன்று நீட்டியிருக்கும். வண்டி வரும் ஓசை கேட்டால் பாதையில் இருப்பவர் அதில் ஒதுங்கவேண்டும். தள்ளுவண்டியில் வரும் அதிகாரியும் வண்டியைத் தூக்கி அதில்தான் வைக்கவேண்டும். தண்டவாளத்தின் உட்பக்கம் இன்னும் இரண்டு தண்டவாளங்கள் வேண்டும். சக்கரம் தடம்புரண்டாலும் வண்டி ஆற்றில் விழாமல் காப்பவை அவை. பாலத்துக்கு வெளியே அவற்றின் முனைகள் நடுவை நோக்கி வளைந்து கூடும். குறுக்குக்கட்டைகள் பாலத்தின்மேல் நெருக்கமாக இருக்கும். தூணிலே அபாய மட்டம் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும். வெள்ளம் அதைத் தொட்டால் காவலாள் ஓடிப்போய்ச் செய்தி சொல்லவேண்டும்.

"ஒரு ஐப்பசி ராத்திரி. மழை கொட்டுது. தண்ணி கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கு. கையில விளக்கு. பாலத்துக்கு நடுவுல இருக்கேன், வண்டி வந்துட்டுது. ஒதுங்கிட்டேன். கம்பியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். முகத்துக்குக் கிட்ட பெட்டி போகுது. உள்ள விளக்கு எரியுது, ஒரு பொம்பளை புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருக்கா. கீழ தண்ணி சத்தம். வண்டி போனப்புறம் கொஞ்ச நேரம் கையை எடுக்க முடியல்லை."

"மேடை எவ்வளவு பெரிசு தாத்தா?" என்று கேட்டான் மகன். கலப்பில்லாத தமிழில் கேட்டான்.

"ரெண்டு முழம்."

இரண்டு முழம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர் தம் முழங்கையை மேசைமேல் ஊன்றி, விரல்நுனிவரை அளந்து காட்டினார். அடிக்கோலில் அளந்தார்கள், 90 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 87ஆல் வகுத்தார்கள், ஒரு சென்டிமீட்டர். கொள்ளிடத்தின் வெள்ளத்தின்மேல் தங்கள் தாத்தா உயிரை ஒப்படைத்து நின்ற இடம் தங்கள் பாலத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பதைக் கண்டபோது இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு தூணின் அருகேயும் ஒரு சென்டிமீட்டர் மேடை எழுந்தது. மெல்லிய கம்பியில் கைப்பிடி வளைத்து வைத்தோம். காவல் தண்டவாளங்களை, பழைய தண்டவாளத் துண்டுகளைக் கொண்டு, ஓடும் தண்டவாளத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்தள்ளி ஒட்டினோம். பிளாஸ்டிக் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது, மின்சாரம் தாவாது. தூணில் சிவப்புக் கோட்டை மகள் இழுத்தாள். தீக்குச்சியைச் செதுக்கி, காக்கிச் சட்டையும் தலைப்பாகையும் வண்ணமிட்டு, கையில் ஒரு குண்டூசித் தலையை விளக்காக ஒட்டி, நடுமேடையில் நிறுத்தியவன் மகன்.

இப்போது மாலைதோறும் வண்டி ஓடுகிறது. கொள்ளிடத்தில் மீட்டர்ப் பாதை போய் அகலப் பாதை வந்துவிட்டது. எங்கள் பலகையில் ஓடுவதும் அகலப் பாதை வண்டிதான். மாமனார் அதைப் பொருட்படுத்துவதில்லை. பாலத்தின்மேல் வண்டி ஏறும்போது மட்டும் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். கடந்தபின் மீண்டும் தொடர்கிறார். பிள்ளைகளும் நிறுத்துகிறார்கள்.

அன்பர்களே, நம்மில் பலருடைய இல்லங்களில் இத்தகைய பெரியவர்கள் இருக்கிறார்கள். பாலம் கட்டியவர், மதகு பார்த்தவர், தறி நெய்தவர், உலைக்களத்தில் நின்றவர் எனப் பலர். கடையில் தொகுப்பு வாங்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொருளும் மிச்சமாகும், பிழையும் குறையும்.

அடுத்த திங்கள் நிலையக் கட்டடமும் நடைமேடையும் அமைப்பதைப் பற்றி எழுத எண்ணியுள்ளோம். ஊரில் தாங்கள் இறங்கும் சிறு நிலையத்தின் நிழற்படம் எவரிடமேனும் இருந்தால், இப்போதே தேடி எடுத்து வைத்துக்கொள்வார்களாக.